எந்திரிங்கய்யா, நேரமாச்சு

வண்டி எந்திரிக்கவில்லை.

மயில்சாமி சாவியைத் திருகி எஞ்சின் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. முன்பக்கம் ஒரு சாண் உயர்ந்து கம்பீரமாக நின்றது. பின்பக்கம் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஏனுங்க, அது வண்டிங்களா, இல்ல படுத்துக்கிட்ட எருமைங்களா?" என்றாள் வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற மரகதம்.

"பேசாம இரு. எண்ணெய் ஏறிட்டிருக்குது."

"நேத்தும் இதையேதானுங்க சொன்னீங்க."

கணபதியில் பம்புசெட்டுப் பட்டறை வைத்து, முப்பது வருஷமாக மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவர் மயில்சாமி. அப்பேர்ப்பட்ட மனுசனின் மானத்தை, காலங்காத்தாலே, கட்டிய பொண்டாட்டி முன்னால் ஒரு வண்டி வாங்கிக்கொண்டிருந்தது.

சாதாரண வண்டி என்றால் சமாளித்திருப்பார். ஊரில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் அடியில் ஸ்பிரிங்கோ பட்டையோ இருக்கும். ஐம்பது வருஷப் பழசான இந்தப் பிரெஞ்சுக்கார வண்டிக்கு அந்த மண்ணாங்கட்டி எதுவும் கிடையாது. எண்ணெயும் காத்தும்தான். எஞ்சின் ஓடினால் பம்பு எண்ணெயை அழுத்தும், வண்டி ஆள் மாதிரி எழுந்து நிற்கும். அணைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும். யாராவது ஏறி உட்கார்ந்தால் சற்றே தாழ்ந்து, யார் வந்திருப்பது என்று யோசித்துவிட்டு, மறுபடி பழைய உயரத்துக்கே வந்து நிற்கும்.

இதை அவர் ஆசைக்காக வாங்கவில்லை. மரகதத்திடம் அப்படித்தான் சொல்லியிருந்தார், அதில் முக்கால்வாசி நிஜமும்கூட. பவானியில் கட்டிக்கொடுத்த மகள் இனியாவுக்கு ஒன்பதாம் மாதம். ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. "குலுங்காம பாத்துக்குங்க" என்று டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னார், சம்பந்தி அரங்கசாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வாங்க சம்பந்தி, ஒட்டுக்கா உக்காந்து சாப்புடலாம். ஆனா புள்ளைய அனுப்ப மாட்டனுங்க. நூறு கிலோமீட்டர் குலுக்கிட்டுப் போறதுக்கு, பிரசவம் இங்கயே நடக்கட்டுங்க."

பிரசவத்துக்கு மகளை அழைத்துவர ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய்விட்டு, அவளை விட்டுவிட்டு வெறும் தூக்குப்போசியோடு திரும்புவதா? மரகதம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அழுகைச் சத்தம் சமையலறையிலிருந்து பட்டறை வரைக்கும் கேட்டது.

அப்போதுதான் பீளமேட்டில், பழைய மில் முதலாளி சுந்தரராஜுலு வீட்டு ஷெட்டில் இந்த வண்டி நிற்பது மயில்சாமிக்குத் தெரியவந்தது. முதலாளி காலமாகிப் பன்னிரண்டு வருஷம். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். வீட்டைக் காலிசெய்தால் போதும் என்றிருந்தார்கள். அவருடைய கிழட்டு டிரைவர் பங்காருதான் வண்டியை வெளியே எடுத்து, அன்னூர் ரோட்டில் மயில்சாமியை ஒரு ரவுண்டு கூட்டிப் போனார். மயில்சாமி கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீ. நாலு வேகத்தடை, எண்ண முடியாத குழி. ஒரு சொட்டு சிந்தவில்லை.

இறங்கினதும் பவானிக்குப் போன் போட்டார். "சம்பந்தி, ஒரு டம்ளர் டீ சிந்தலீங்க. என்ற பேரப்புள்ள சிந்திருமுங்களா?"

அரங்கசாமி நியாயஸ்தர். "ஞாயித்துக்கெழம கொண்டாங்க, பாப்போம். டீ சிந்தாம இருந்தா புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க."

இன்றைக்குப் புதன்.

"எந்திரிடான்னா!" என்று மயில்சாமி பின்சக்கரத்தில் ஓர் உதை விட்டார்.

உஸ்ஸ்ஸ் என்றது வண்டி. அதுவரை நின்றுகொண்டிருந்த முன்பக்கமும் படுத்துவிட்டது.

"நல்லா வேணுங்க" என்று மரகதம் உள்ளே போனாள்.

உக்கடத்திலிருந்து மெக்கானிக் ஜபருல்லா வந்தார். லாரி, ஜீப், டிராக்டர் எல்லாம் பார்த்த கை. வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். அடியில் படுத்தார். டிக்கியில் இருந்த ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டார். பின்பக்கம் அசையவில்லை.

"டிக்கி காலிண்ணா. ஆனா பின்னாடி பாரம் இருக்கற மாதிரியே காட்டுது" என்றார். அப்புறம் திடீரென்று கையைத் தூக்கினார். "அண்ணா, இங்க வந்து காது குடுங்க."

இருவரும் பின்சீட்டு ஜன்னல் பக்கம் குனிந்தார்கள். கர்ர்ர்... உஸ்ஸ்... கர்ர்ர்... உஸ்ஸ்... சீராக, நிதானமாக, மத்தியானச் சாப்பாடு ஆன மனுசன் மாதிரி.

"கொறட்டை உடுது பாய்!"

"வண்டி கொறட்டை உடுமாண்ணா? பைப்புல காத்து மாட்டியிருக்கும். எஞ்சின் ஓடுறப்ப பம்பு இழுக்கறதுல அப்படித்தான் சத்தம் வரும்."

"வாஸ்தவந்தான்" என்றார் மயில்சாமி.

எஞ்சின் அணைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. ஜபருல்லா எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் டீ குடித்துவிட்டு வரலாம் என்றார். டீயைக் குடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

காத்தை வெளியேற்ற எண்ணெயை முழுக்க இறக்கினார்கள். அந்த வண்டிக்கு பிரேக்கும் அதே எண்ணெயில்தான் என்பது, வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்து மரகதத்தின் துளசித் தொட்டியை இரண்டாகப் பிளந்தபோதுதான் தெரிந்தது. மரகதம் வெளியே வந்து பார்த்தாள். துளசியை மட்டும் வேரோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை புது எண்ணெய் ஊற்றினார்கள். வண்டி முன்பக்கம் இன்னும் நாலு விரற்கடை கூடுதலாகத் தூக்கியது. பின்பக்கம் அதே இடம். இப்போது பார்த்தால் வண்டி மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"பின்சீட்டுக்கு அடிலதான் கோளாறு. கழட்டிப் பாத்துரலாண்ணா."

சீட்டைக் கழற்றிப் போர்டிகோவில் வைத்தார்கள். பிறகு நடந்ததை மயில்சாமி இன்றைக்கும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சீட்டை இறக்கி வைத்ததும் வண்டியின் பின்பக்கம், யாரும் தொடாமலே, மெதுவாக எழுந்து நேராக நின்றது.

"பாத்தீங்களா! சீட்டுதாண்ணா பிரச்சினை!" ஜபருல்லா குதித்தார்.

சீட்டைப் பட்டறைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். பதினாலு கிலோ. பதினாலு கிலோவுக்கா இத்தனை பெரிய வண்டி படுத்தது? இருவரும் தலையைச் சொறிந்துகொண்டார்கள். மறுபடி போர்டிகோவில் போட்டார்கள்.

சாயங்காலம் சின்ன வெங்காயம் உரிக்க அதன்மேல் உட்காரப் போன மரகதம், கை வைத்துப் பார்த்துவிட்டு நின்றபடியே கூப்பிட்டாள். "ஏனுங்க, சீட்டு சூடா இருக்குதுங்க."

"வெயில்ல கெடந்தா சூடாகாம?"

"நெழல்லதானுங்க கெடக்குது. ஒரு பக்கந்தான் சூடு. இங்க பாருங்க, இக்கட்டால ஜில்லுனு இருக்குது."

மயில்சாமி தொட்டுப் பார்க்கவில்லை. "பிரெஞ்சுக்காரன் மெத்தை. அப்படித்தான் இருக்கும்" என்றார். சில விஷயங்களை ஆராயாமல் இருப்பதும் ஒரு தைரியம்தான்.

பின்சீட்டு இல்லாமல் நிறைமாசப் பெண்ணை எங்கே உட்கார வைப்பது? திரும்ப மாட்டினார்கள். மாட்டின கையோடு பின்பக்கம் படுத்தது. கர்ர்ர்... உஸ்ஸ்...

ஜபருல்லா ஸ்பேனர்களைப் பையில் போட்டார். "கோவிச்சுக்காதீங்கண்ணா. இது என்ற படிப்புக்கு மேல. வாடகைக்கு நல்ல வண்டி சொல்லி உடட்டுமா?"

"வாடகை வண்டில டீ சிந்திருமே பாய்!" என்றார் மயில்சாமி. சம்பந்தி முன்னால் தோற்பதுகூடப் பரவாயில்லை. இரண்டு தடவையும் இனியா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்ததை அவரால் மறக்க முடியவில்லை. இந்தத் தடவை அவள் தன் வீட்டில், தன் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் பங்காரு வண்டியை ஒப்படைத்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் பின்பக்கம் கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. பங்காரு எஞ்சினை ஓடவிட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து, துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். "எந்திரிங்கய்யா, நேரமாச்சு." வண்டி எழுந்துவிட்டது. சாவியைக் கொடுக்கும்போது, "சத்தம் போடக் கூடாதுங்க தம்பி. தட்டக் கூடாது. ஐயா வார்த்தைக்குத்தான் எந்திரிப்பாரு" என்றும் சொன்னார்.

மயில்சாமி அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கன்னுக்குட்டியைக்கூட "அக்கட்டால போங்க சாமி" என்று நகர்த்துகிற ஊர். நாற்பது வருஷம் ஒரே வண்டியை ஓட்டினவர், வண்டியை ஐயா என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிட்டது?

"அட கெரகமே! நான் டா போட்டல்ல எட்டி உதைச்சுபோட்டேன்!"

வெளியே ஓடினார். எஞ்சினை ஓடவிட்டு, தெருவை இருபுறமும் பார்த்தார். பின்கதவைத் திறந்து, குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்திரிங்க" என்றார்.

குறட்டை நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

"எந்திரிங்கய்யா."

வண்டி ஒரு விரற்கடை அசைந்தது.

துண்டு இல்லை. மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, "அன்னைக்கு உதைச்சது தப்புதானுங்க, மன்னிச்சுபோடுங்க. எந்திரிங்கய்யா, நேரமாச்சு" என்றார். பின்பக்கம் அலுங்காமல் குலுங்காமல் எழுந்து நின்றது. மயில்சாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எதிர்வீட்டு மாடியில் நின்ற கல்லூரிப் பெண் லாஸ்யா, இதை முழுவதும் போனில் படம் பிடித்துவிட்டாள். மத்தியானத்துக்குள் கணபதி முழுக்கப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் பவானி பார்த்தது.

"சம்பந்தி," அரங்கசாமி போனில் நிதானமாக ஆரம்பித்தார். "ஒடம்பு சொகந்தானுங்களே?"

"நல்லா இருக்கறனுங்க."

"காரைக் கும்புட்டுக்கிட்டு இருந்தீங்க. ஆயுத பூசைக்கு இன்னும் மாசக்கணக்குல நாள் கெடக்குதுங்களே."

"அது... மரியாதைங்க."

"மரியாதை நல்லதுதானுங்க. புள்ளைய யாரை நம்பி அனுப்பறதுன்னுதான் யோசனை."

சனிக்கிழமை ஒரு தடவை சொன்னால் போதவில்லை. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. "பெரிய மனசு பண்ணி" என்று சேர்க்க வேண்டியிருந்தது. மரகதம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைய ஒரு நாளாவது இப்படிக் கூப்புட்டிருக்கறாரா" என்று முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நாலாவது தடவையில் எழுந்து, ஏழு வகைச் சோற்றையும் ஏற்றிக்கொண்டு, பவானி வரைக்கும் படகு மாதிரி போயிற்று. பின்சீட்டில் மரகதம் மட்டும் ஓர் ஓரமாக, கதவோடு ஒட்டி உட்கார்ந்து வந்தாள்.

"நடுவால உக்காரு புள்ள. எடம் கெடக்குதல்ல?"

"என்னமோ தெரியலீங்க. உக்காரத் தோணல."

பவானியில் விருந்து நடந்தது. ஜமக்காளம் விரித்து, உறவெல்லாம் வரிசையாக உட்கார்ந்து, இனியாவுக்கு வளையல் அடுக்கி, சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. இனியா மட்டும் சிரிக்கவில்லை. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. மரகதத்தின் காதில் ஏதோ சொன்னாள். மரகதத்தின் முகம் வெளுத்தது.

"என்னாச்சு கண்ணு?" மயில்சாமி அருகில் போனார்.

"காலைலருந்து அசையவே இல்லப்பா." இனியா வயிற்றில் கை வைத்திருந்தாள். குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. "போன தடவையும் இப்படித்தானப்பா இருந்துச்சு."

பந்தி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம். அரங்கசாமியின் கார் சந்துக்குள், விருந்தாளிகளின் எட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றது தவளை மாதிரி படுத்திருந்த அந்த வண்டி மட்டும்தான். இனியாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின்சீட்டின் நடுவில் உட்கார வைத்தார்கள். மயில்சாமி சாவியைத் திருகினார். முன்பக்கம் எழுந்தது. பின்பக்கம் தரையில். படுத்தபடியே ஓட்டினால் முதல் மேட்டிலேயே அடித்தகரம் தரையில் மாட்டிக்கொள்ளும்.

"எந்திரிக்க மாட்டேங்குதே!" என்று அரங்கசாமி தலையில் அடித்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னனல்ல!"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நாலைந்து போன்கள் நீண்டன. மயில்சாமி எதையும் பார்க்கவில்லை. இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்து, மகளின் முழங்காலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். வாயைப் பொத்தவில்லை. மெதுவாகவும் சொல்லவில்லை.

"ஐயா! எந்திரிங்கய்யா! நேரமாச்சுங்க! எம்புள்ள அழுவுதுங்க. இத்தனை நாள் தூங்குனது போதுங்க சாமி. இந்த ஒரு தடவ எந்திரிச்சுருங்க, உங்க காலைப் புடிச்சுக்கறேன்!"

ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் வண்டியின் பின்பக்கம் மேலே வந்தது. நிதானமாக அல்ல, பெரிய சுமையை இறக்கிவைத்த மாதிரி, ஒரே எழும்பலில்.

"அப்பா!" இனியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அப்பா, உதைக்குதுப்பா! அம்மா, இங்க வெச்சுப் பாரு, இங்க!"

மரகதம் கை வைத்துப் பார்த்தாள். சம்பந்தியம்மாள் பார்த்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், சிரித்தார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, துடிப்பு குதிரை ஓட்டமாக இருக்கிறது, வீணாகப் பயப்படாமல் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

அரங்கசாமி அப்போதும் விடவில்லை. முன்சீட்டில் தளும்பத் தளும்ப டீயோடு ஏறி உட்கார்ந்து, பெருந்துறை வரைக்கும் கூடவே வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உங்க வண்டி தெய்வமுங்க" என்று பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

"வண்டி ஓடுறப்ப தூங்கிருதுப்பா," என்றாள் இனியா, அவிநாசி தாண்டும்போது. "சிக்னல்ல நின்னா உடனே உதைக்குது." கொஞ்ச தூரம் போனதும், "நெம்ப கனமா இருக்குதுப்பா. காலைல இப்படி இல்ல" என்றாள்.

"ஒம்போதாம் மாசம் கண்ணு. கனமாத்தான் இருக்கும்."

வீட்டில் எஞ்சினை அணைத்த பிறகும் வண்டி படுக்கவில்லை. மறுநாள் காலை வரைக்கும் நின்றபடியே நின்றது. குறட்டை இல்லை. மரகதம் பின்சீட்டின் நடுவில் தாராளமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இப்ப ஜில்லுனு இருக்குதுங்க" என்றாள். அவள் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்திருந்தது. உள்ளே இனியா, காலை நீட்டிப் படுத்து, அம்மா கையால் இட்லி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு கேட்டைத் திறந்துகொண்டு பங்காரு வந்தார். எண்பது வயசுக்கு விறைப்பான காக்கிச் சட்டை. காந்திபுரத்தில் டவுன் பஸ் மாறி வந்திருக்கிறார். எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

"வாங்க வாங்க! நீங்க சொல்லிக் குடுத்த ஒரு வார்த்தைதானுங்க எங்க குடும்பத்தக் காப்பாத்துச்சு!" மயில்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தின நாள் கதையை மூச்சுவிடாமல் சொன்னார். "காலைப் புடிச்சுக்கறேன்னு வண்டிகிட்டக் கெஞ்சினனுங்க. டக்குனு எந்திரிச்சுருச்சு. அதுக்கப்பறம் படுக்கவே இல்ல, பாருங்க!"

பங்காரு வண்டியைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து, குனிந்து, காலியாக இருந்த சீட்டை வெகுநேரம் பார்த்தார். உள்ளேயிருந்து இனியா, "அம்மா, மறுபடி உதைக்குதும்மா!" என்று கூவிச் சிரித்தாள். கிழவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"வண்டிகிட்ட எவனாச்சும் பேசுவானுங்களா தம்பி? நான் பின்சீட்டுல தூங்கற முதலாளி ஐயாவையல்ல எழுப்புவேன்... எந்திரிச்ச மனுசன் இப்ப எங்கீங்க?"